அலுமாரிக் கண்ணாடியில் தம்பியின் கைரேகை

கேள்வி: ஐயா, நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். தம்பி அலுமினியம் பொருத்தும் வேலை செய்பவன். எங்கள் ஒழுங்கையில் கனடாவில் இருக்கும் ஒருவரின் வீடு பூட்டியே கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் திறப்பு வைத்திருக்கிறார். போன மாதம் குளியலறை யன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே போய், அலுமாரியில் இருந்த நகைகளைக் களவெடுத்துவிட்டார்கள். அதற்கு மூன்று கிழமை முன்னர்தான் அந்த அலுமாரியின் கண்ணாடிக் கதவைத் தம்பி கழற்றித் திருத்திப் பூட்டிக் கொடுத்திருந்தான். பொலிஸார் அங்கே வேலை செய்த எல்லோரது கைரேகையையும் எடுத்தார்கள். இப்போது கண்ணாடியில் இருப்பது தம்பியின் கைரேகை என்கிறார்கள். மோப்ப நாயும் எங்கள் படலைக்குக் கிட்ட வந்து நின்றதாம். உடைந்த கண்ணாடியில் இரத்தம் இருக்கிறது, இரத்த மாதிரி கொடு என்கிறார்கள். போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு அதிகாரி, 'ஒப்புக்கொண்டால் சின்ன வழக்காக முடிச்சுவிடலாம்' என்றாராம். திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். கைரேகை இருந்தால் வழக்கு முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரத்தம் கொடுக்கலாமா?

பதில்: முதலில் ஒன்றைக் கேட்கிறேன். கண்ணாடிக் கதவைக் கழற்றிப் பூட்டிய ஒருவரின் கைரேகை அந்தக் கண்ணாடியில் இல்லாமல் இருந்தால் அல்லவா ஆச்சரியம்? உங்கள் தம்பி அந்த வீட்டுக்கே போனதில்லை என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு. போனதற்குக் காரணம் இருக்கிறது, கதவு திறந்துவிட்ட பெரியவர் இருக்கிறார், கூலி கொடுத்த வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார்.

கைரேகை என்பது விரல் நுனியின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் விட்டுச் செல்லும் தடம். கண்ணாடி, பொலிஷ் போட்ட பலகை போன்ற வழுவழுப்பான பரப்பில் தூள் தூவி, ஒட்டும் நாடாவால் அதை எடுப்பார்கள். வெளியில் வெயிலும் மழையும் படுகிற இடத்தில் அது சீக்கிரம் அழிந்துவிடும். பூட்டிய வீட்டுக்குள், யாரும் துடைக்காத அலுமாரியில், கிழமைக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட நிற்கும். அந்தத் தடம் எந்த நாள் பதிந்தது என்று நம்பிச் சொல்லக்கூடிய முறை ஒன்றும் இன்றுவரை கிடையாது. நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறி 'இது இவருடையது' என்று சொல்லலாம். 'களவு நடந்த இரவில் வைத்தது' என்று சொல்ல முடியாது. எங்கள் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி அவர் சொல்வதும் ஒரு நிபுணரின் கருத்துத்தான். தீர்மானிப்பது நீதிமன்றம்.

அந்தக் கருத்தும் பிழைத்திருக்கிறது. 2004இல் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை தங்கள் நாட்டுச் சட்டத்தரணி ஒருவருடையது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அடித்துச் சொல்லி, அவரைத் தடுத்தும் வைத்தது. பிறகு ஸ்பெயின் பொலிஸார் வேறொருவரை இனங்கண்டார்கள். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. இருந்தாலும் உங்கள் தம்பியின் விஷயத்தில் 'இது என் கைரேகை இல்லை' என்று சண்டை பிடிக்கப் போக வேண்டாம். அது அவனுடையதாகத்தான் இருக்கும். சண்டை பிடிக்க வேண்டியது, அது எந்த இடத்தில் இருந்தது என்பதில்.

இதைத் தம்பியிடம் நீங்களே இருத்திக் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடிக் கதவை இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கும்போது உள்ளங்கை ஓரத்தில் பதியும், விரல்கள் பின்பக்கம் போகும். அப்படியான தடம் வேலைக்காரனின் தடம். நகை இருந்த லாச்சிக்குள்ளே கைரேகை என்றால், 'லாச்சியை ஏன் தொட்டாய்' என்ற கேள்வி வரும். கதவைக் கழற்ற முன்னர் லாச்சியை வெளியே எடுத்து வைத்தானா? அப்படியானால் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். உடைந்த யன்னலின் உட்பக்கத்தில் கைரேகை என்றால், அவன் குளியலறைப் பக்கம் போனானா, கை கழுவினானா என்று நான் கேட்பேன். பொலிஸார் உங்களிடம் 'கண்ணாடி' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கண்ணாடி, எந்த ஓரம் என்பது தடயவியல் பொலிஸார் எடுத்த படங்களிலும் குறிப்புகளிலும் இருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் அவற்றைத்தான் நான் முதலில் கேட்டு வாங்குவேன்.

இப்படியான வழக்குகளில் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கைரேகையால் அல்ல. 'களவுக்கு மூன்று கிழமை முன்னர் அந்த அலுமாரியைத் திருத்தினேன்' என்ற விளக்கம் எப்போது முதன்முதலாகப் பதிவாகிறது என்பதில்தான். திங்கட்கிழமை கொடுக்கும் வாக்குமூலத்தில் அது இருந்தால் அது உண்மையின் பக்கம் நிற்கும். கைரேகைப் பதிவாளரின் அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்த பிறகு சொன்னால், அதே உண்மை சோடித்த கதை போலக் கேட்கும். ஆகவே என்ன திகதியில் போனான், யார் திறந்துவிட்டது, என்ன செய்தான், எவ்வளவு கூலி, எப்படிக் கிடைத்தது, இவ்வளவும் வாக்குமூலத்தில் ஏற வேண்டும். எழுதியதை அவனுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதிவிட்டு 'ஒப்பம் வை' என்றால் வைக்க வேண்டாம். தமிழில் எழுதும்படி கேட்பது அவனது உரிமை, யாழ்ப்பாணத்தில் அதற்குக் கூச்சப்பட ஒன்றும் இல்லை. தன்னைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல அவன் கட்டுப்பட்டவனும் அல்ல. சட்டத்தரணி ஒருவர் கட்சிக்காரர் சார்பில் பொலிஸ் நிலையத்துக்கு வருவதற்கு 2012இல் விதிகளே வெளியாகியிருக்கின்றன. கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

மோப்ப நாயைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். அது விசாரணைக்கு ஒரு திசை காட்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் வேலை செய்தவன் அதே ஒழுங்கையில் இருந்தால், வாசனை உங்கள் படலைவரை வருவதில் என்ன புதுமை? நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையும் செய்ய முடியாது.

இரத்தம் வேறு விஷயம். கைரேகைபோல வேலை செய்த நாளில் பதிந்தது என்று சொல்ல முடியாத இடத்தில் அது இருக்கிறது. யன்னல் உடைந்தது களவு நடந்தபோதுதான், அதன் உடைந்த விளிம்பில் கை கிழிந்தவன் உள்ளே போனவன். அதனால்தான், தம்பி உண்மையிலேயே போகவில்லை என்றால், அவனுக்காகப் பேசக்கூடிய மிகப் பலமான சாட்சி அந்த இரத்தம்தான். கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் பொலிஸ் நிலையத்தில் வைத்து யாரோ ஒருவர் எடுப்பதற்கு இணங்க வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின்படி, ஒருவரின் இரத்தம், உமிழ்நீர், முடி போன்ற மாதிரிகளை அவரது சம்மதத்தோடு எடுக்கலாம். சம்மதிக்காவிட்டால் பொலிஸார் நீதவானிடம் கட்டளை பெற வேண்டும். கட்டளை வந்தால் அதற்கு இணங்கியே ஆக வேண்டும். ஆகவே, 'நான் மறுக்கவில்லை, நீதிமன்றத்தின் ஊடாக, சட்ட வைத்திய அதிகாரி எடுக்கட்டும்' என்று சொல்லி, அந்த வசனத்தையும் வாக்குமூலத்தில் எழுதச் செய்யுங்கள். மறுத்தான் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று, இப்போதே தம்பியின் இரண்டு கைகளையும் முன்கைகளையும் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். அலுமினியம் வெட்டுகிறவனின் கையில் கீறல் இல்லாமல் இருக்காது. எந்தக் கீறல் பழையது, எது புதியது என்பதை ஒரு வைத்தியர் இன்றைக்குப் பார்த்துக் குறித்து வைப்பதும், இரண்டு மாதம் கழித்து நீங்கள் வாயால் சொல்வதும் ஒன்றல்ல.

இந்த மாதிரிகள் பத்தரமுல்லையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் போன்ற ஆய்வுகூடங்களுக்குத்தான் போகும். பதில் வர மாதக்கணக்கு ஆவது சாதாரணம், சும்மா போய்ப் போய்க் கேட்டு மனம் நோக வேண்டாம். நான் கவனிப்பது அறிக்கையை விட, பொருள் அங்கே போன வழியை. ஈர இரத்தம் பட்ட துணியையோ கண்ணாடித் துண்டையோ சொப்பிங் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் பிடித்து, பூஞ்சணமும் கிருமியும், இரத்தம் யாருடையது என்று காட்டும் மரபணுவை (டிஎன்ஏ) சிதைத்துவிடும். காயவிட்டுக் கடதாசி உறையில் போட வேண்டும். யார் எடுத்தது, எப்போது முத்திரை வைத்தது, எந்த இலக்கம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு தொடர் இருக்க வேண்டும். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியை நீதிமன்றக் கட்டளையில் அகழ்ந்தபோது ஒவ்வொரு எலும்புத் தொகுதிக்கும் இலக்கமிட்டதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டுக் களவின் கண்ணாடித் துண்டுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். அது அறுந்த இடத்தில்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்புவார்.

மரபணுவை அரசாங்கத்தின் ஆயுதமாக மட்டும் பார்க்கிறவர்கள் அதன் வரலாற்றை அறியாதவர்கள். இங்கிலாந்தில் 1986இல் முதன்முதலாக ஒரு கொலை விசாரணையில் அதைப் பயன்படுத்தியபோது அது முதலில் காப்பாற்றியது, பொலிஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயதுப் பொடியனை. எங்கள் நாட்டிலும் 2015இல் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது முதலில் பிடிபட்டவர்களில் ஒரு பாடசாலை மாணவனும் இருந்தான். மரபணு பொருந்தவில்லை, விட்டார்கள். பிறகு இன்னொருவர் பிடிபட்டார், ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. அவருக்கும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனுக்கு. ஒப்புக்கொண்டதை நம்பி அந்த வழக்கை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த 'சின்ன வழக்கு' பேச்சுக்கும் இதுவே பதில். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை, ஒப்புக்கொண்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. சரி, அப்படியானால் ஒப்பமிட்டால் என்ன என்று கேட்கக் கூடாது. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டது என்றால், அதோடு தொடர்பான அளவுக்கு அந்தப் பேச்சு 27ஆம் பிரிவின் வழியாக உள்ளே வரும். பிறகு நீதவான் முன்னிலையில் தானாகச் சொன்னதாகப் பதிவானால் அது முழுச் சாட்சியம். வீடுடைத்துக் களவெடுத்தல் சின்ன வழக்கும் அல்ல. செய்யாத ஒன்றுக்கு ஒப்பம் வேண்டாம். இதில் பேரம் பேசும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு இல்லை.

கைது செய்வார்கள் என்று பயப்படக் காரணம் இருந்தால், 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் முன்பிணை கேட்கலாம். சத்தியக்கடதாசியும் இந்தச் சம்பவங்களின் விவரமும் வேண்டும், அதனால்தான் திகதிகளை எழுதி வைக்கச் சொல்கிறேன். கைதானால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பணம் கட்ட வழியில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வெட்கப்படாமல் போங்கள்.

ஒழுங்கை முகப்பில் கடை ஏதும் இருந்து, அங்கே சிசிடிவி இருந்தால், அதை நாளைக்கே கவனியுங்கள். பதிவுப் பெட்டி நிரம்பினதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், சில இடங்களில் ஒரு கிழமையும் நிற்காது. களவுக்கு இவ்வளவு நாளாகிவிட்டது, இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் அழிக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், பொலிஸாரிடமும் சொல்லுங்கள். சிசிடிவித் திரையைப் போன் கமராவால் படம் பிடித்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் வழமையாகிவிட்டது. அதில் நேரமும் விளங்காது, முகமும் விளங்காது. பெட்டியின் மணிக்கூடு உண்மையான நேரத்திலிருந்து எவ்வளவு பிந்தி அல்லது முந்தி ஓடுகிறது என்பதையும் பார்த்து எழுதி வைக்க வேண்டும். கணினிப் பதிவுகளைச் சாட்சியமாக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கு விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது உங்களுக்கும் பொருந்தும், அரச தரப்புக்கும் பொருந்தும்.

கடைசியாக அந்த போன். வாங்கியதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு கேளுங்கள், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இலக்கத்தோடு. களவு நடந்த இரவு அந்த போன் எந்தத் தொலைபேசிக் கோபுரத்தின் வீச்சுக்குள் இருந்தது என்று பார்ப்பார்கள். ஒழுங்கையில் குடியிருப்பவனின் போனும் களவு போன வீடும் ஒரே கோபுரத்துக்குள் வருவது இயல்பு, அதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். தம்பி வேலையை முடித்த அன்று கண்ணாடிக் கதவைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பான், இந்தக் காலத்தில் கனடாவுக்கு அனுப்பாமல் கூலி வராது. உங்களிடம் போன் இல்லாவிட்டாலும் அந்தப் படம் திகதியோடு அங்கே இருக்கும். இன்றைக்கே அவரோடு கதைத்து, அதை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர்தான் முறைப்பாட்டுக்காரர், தம்பி வேலைக்கு வந்ததை அவரே எழுத்தில் உறுதிப்படுத்தினால் பொலிஸாரின் கண்ணே வேறு பக்கம் திரும்பலாம். கதைக்கும்போது அழுது மன்றாட வேண்டாம், களவைப் பற்றி ஒன்றும் விவாதிக்கவும் வேண்டாம். படம், திகதி, கூலி அனுப்பிய வங்கிச் சீட்டு, இந்த மூன்றையும் கேளுங்கள், போதும்.