அமெரிக்க நையாண்டியும் அதன் முதலாளிகளும்: கேள்வி பதில்

அமெரிக்க அரசியல் நையாண்டி பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, விஷயம் அப்படி.

கல்லூரி மாணவர், திருச்சி: ஐயா, பதவியில் இருக்கும் ஜனாதிபதியை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவுதோறும் கிண்டல் செய்கிறார்கள். யாரும் கைதாவதில்லை. நாடு பிறந்ததிலிருந்தே இந்த உரிமை இருந்ததா?

ஏட்டில் இருந்தது, நடப்பில் இல்லை தம்பி. பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் 1791இல் அரசமைப்பில் சேர்ந்தது. ஏழே ஆண்டுகளில், ஜான் ஆடம்ஸ் ஆட்சியில், ராஜதுரோகச் சட்டம் வந்துவிட்டது. ஜனாதிபதியையோ காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தையோ இழிவுபடுத்தி எழுதினால் சிறை, அபராதம். துணை ஜனாதிபதியைத் திட்டுவது மட்டும் அந்தச் சட்டத்தில் குற்றமாகச் சொல்லப்படவில்லை. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்த்தரப்பின் தாமஸ் ஜெஃபர்சன். சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1798இல் நியூ ஜெர்ஸியின் நியூவர்க் ஊர் வழியாக ஆடம்ஸ் சென்றபோது பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள். குடித்திருந்த லூதர் பால்ட்வின் என்பவர், அந்தக் குண்டு ஜனாதிபதியின் பின்புறத்தில் பாய்ந்தாலும் தனக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வாய்த்துடுக்குக்கு வழக்குப் போட்டு, குற்றவாளி என்று தீர்மானித்து, அபராதமும் வாங்கினார்கள்.

1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். மறு ஆண்டு சட்டம் காலாவதியானது. தண்டனை பெற்றவர்களுக்கு ஜெஃபர்சன் மன்னிப்பு வழங்கினார். அந்தச் சட்டம் வரலாற்றின் தீர்ப்பில் தோற்றுப்போனது என்று உச்ச நீதிமன்றம் எழுதியது 1964இல்தான். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வாக்காளர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்.

ஓவிய ஆசிரியை, கும்பகோணம்: கேலிச்சித்திரத்தால் ஓர் அரசியல்வாதி உண்மையிலேயே வீழ்ந்திருக்கிறாரா? அல்லது அது பத்திரிகைக்காரர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமையா?

பெருமையும் கலந்திருக்கிறது. ஆனால் ஒரு முறையாவது உண்மையாகவே நடந்தது.

1860களில் நியூயார்க் நகரத்தை ஆட்டிப்படைத்தவர் வில்லியம் ட்வீட். டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் தலைவர். புதிதாகக் கட்டிய நீதிமன்றத்தில் இரண்டு நாள் பூச்சு வேலைக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு மேல் கணக்குக் காட்டிய கூட்டம் அவருடையது. 1871 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கணக்குகளை அச்சிட்டது. ஹார்ப்பர்ஸ் வீக்லி வார இதழில் தாமஸ் நாஸ்ட் அவற்றைப் படமாக்கினார். ஜெர்மனியில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்தவர் அவர்.

இரண்டு படங்களை நிதானமாகப் பாருங்கள். முதலாவதில் ஒரு கூட்டம் வட்டமாக நிற்கிறது. மக்களின் பணத்தைத் திருடியது யார் என்பது கேள்வி. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரை நோக்கிக் கட்டைவிரலையோ ஆள்காட்டி விரலையோ நீட்டுகிறார்கள். வட்டம் சுற்றி வந்து, முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் ட்வீடிடமே முடிகிறது. இரண்டாவது படம் இன்னும் எளிமை. கோட்டுக்கு வெளியே பிதுங்கும் தொந்தி, சட்டையில் பெரிய வைர ஊசி, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பண மூட்டை. மூட்டையில் கண், மூக்கு, வாய் எல்லாமே ஒரு டாலர் குறிதான். ஒரு கோடும் மிகை இல்லை. எழுத்தறியாத வாக்காளருக்கும் அது புரிந்தது.

கதையில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. ஹார்ப்பர் நிறுவனத்துக்குப் பள்ளிப் பாடநூல் பெரிய வியாபாரம். ட்வீட் ஆட்கள் கையில் இருந்த நகரக் கல்வி வாரியம் ஹார்ப்பர் பாடநூல்களை ஒதுக்கியது. பணம் போகிறதே என்று பங்குதாரர்கள் கலங்கினார்கள். பத்திரிகையை நடத்திய ஃப்ளெட்சர் ஹார்ப்பர் அசையவில்லை. நாஸ்டின் தூரிகைக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு பெருமை இந்த மனிதரின் முதுகெலும்புக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

1871 நவம்பர் தேர்தலில் டாமனி ஆட்கள் பெருவாரியாகத் தோற்றார்கள். ட்வீட் கைதாகி, தண்டனை பெற்று, 1875இல் தப்பியோடினார். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தில் பிடிபட்டார். நாஸ்ட் வரைந்த படத்தை வைத்தே அங்கே அவரை அடையாளம் கண்டார்கள் என்பது அன்று முதல் சொல்லப்பட்டு வரும் செய்தி. 1878இல் நியூயார்க் சிறையிலேயே இறந்தார்.

ஃப்ளெட்சர் ஹார்ப்பர் 1877இல் காலமானார். அடுத்து வந்தவர்கள் நாஸ்டுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தரவில்லை. 1886இல் அவர் அந்தப் பத்திரிகையை விட்டு விலகினார்.

நாஸ்டிடம் ஒரு கறையும் உண்டு. ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தோடு வரைந்தார். கத்தோலிக்க ஆயர்களை, பள்ளிக் குழந்தைகளை நோக்கி ஊர்ந்து வரும் முதலைகளாக வரைந்தார். அதிகாரத்தில் இருப்பவனை நோக்கி நீண்ட அதே கை, குடிபெயர்ந்து வந்த ஏழையையும் குத்தியது. மாணவர்களுக்கு அவரைக் காட்டும்போது இதையும் சேர்த்துக் காட்டுங்கள் அம்மா.

பள்ளி மாணவி, நாகர்கோவில்: யானையும் கழுதையும் கட்சிச் சின்னங்களானது எப்படி?

குடியரசுக் கட்சியின் யானையை 1874இல் பரவலாக்கியவர் நாஸ்ட்தான். கழுதை அதற்கும் பழையது. 1828இல் ஜனாதிபதி வேட்பாளரான ஆண்ட்ரூ ஜாக்சனை எதிராளிகள் கழுதை என்று திட்ட, அவர் அதையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பின்னாளில் நாஸ்டின் படங்களால் அது ஜனநாயகக் கட்சியோடு ஒட்டிக்கொண்டது.

வழக்கறிஞர், மதுரை: கேலிக்கு ஆளானவர் மானநஷ்ட வழக்குப் போட முடியாதா?

போடலாம், வெல்வது அரிது. இதில் முக்கியமான தீர்ப்பு 1988இல் வந்த ஹஸ்ட்லர் வழக்கு. தொலைக்காட்சிப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லைப் பற்றி 1983இல் ஹஸ்ட்லர் பத்திரிகை ஒரு மது விளம்பரத்தைப் போலவே பகடி ஒன்றை வெளியிட்டது. அவருடைய தாயையும் இழுத்து, வாசிக்கவே கூசும் அளவுக்குக் கொச்சையாக எழுதப்பட்டது. இதை யாரும் உண்மை என்று நம்பமாட்டார்கள் என்பதால் அவதூறு இல்லை என்றது ஜூரி. ஆனால் மன உளைச்சலுக்காக ஒரு லட்சம் டாலர் இழப்பீடும், மேற்கொண்டு தண்டத் தொகையும் விதித்தது.

உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளிவிட்டது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வில்லியம் ரென்க்விஸ்ட் பழமைவாதி. அவரே நாஸ்டின் படங்களை மேற்கோள் காட்டி, லிங்கனின் ஒல்லி உடலும் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் சிகரெட் குழலும் கேலிச்சித்திரங்களால்தான் நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். மனம் புண்படுவதை அளவுகோலாக வைத்தால், பொது வாழ்வில் இருக்கும் எவரைப் பற்றியும் கூர்மையாக எதுவும் வரைய முடியாது. அந்தப் பகடி எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் காத்த தீர்ப்பை மனதார மதிக்கிறேன்.

இல்லத்தரசி, சேலம்: அலாஸ்காவின் முன்னாள் ஆளுநர் சாரா பேலின், தன் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்றாராமே?

அவர் அப்படிச் சொல்லவில்லை. 2008 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில், அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்றார். புவியியலின்படி அது சரி. வீட்டிலிருந்து தெரிகிறது என்றது, சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில் அவரைப் போல வேடமிட்ட டீனா ஃபே. இன்றும் பலர் அதைப் பேலினின் வாக்காகவே சொல்கிறார்கள்.

இதே நிகழ்ச்சி 1975இல் தொடங்கியபோது செவி சேஸ் என்ற நடிகர் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டாக வந்து மேடையில் தடுக்கித் தடுக்கி விழுவார். ஃபோர்ட் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய விளையாட்டு வீரர். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் விமானப் படியில் சறுக்கினார். தள்ளாடும் மனிதர் என்ற பெயர் சாகும்வரை அவரை விடவில்லை. நையாண்டியை நேசிப்பவர்கள் இந்த அநியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொருளாதார ஆசிரியர், ஈரோடு: சிரித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். இதனால் யாராவது எதையாவது கற்றுக்கொண்டார்களா?

கற்றுக்கொண்டார்கள், அதற்குச் சான்றும் இருக்கிறது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு, நிறுவனங்கள் தேர்தல் செலவில் வரம்பின்றிப் பணம் இறக்க வழிவிட்டது. அதன் பின்விளைவுகளைச் செய்தித்தாள் கட்டுரைகளால் விளங்கவைக்க முடியவில்லை. பழமைவாதத் தொகுப்பாளராக வேடமிட்டு நையாண்டி நிகழ்ச்சி நடத்திய ஸ்டீஃபன் கோல்பேர் வேறு வழி பிடித்தார். 2011இல் தேர்தல் ஆணையத்திடம் முறைப்படி விண்ணப்பித்து, வரம்பின்றிப் பணம் திரட்டித் தேர்தலுக்குச் செலவிடும் சூப்பர் பாக் என்ற வகை அமைப்பு ஒன்றையே உண்மையாகத் தொடங்கினார். தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவர் ட்ரெவர் பாட்டர் வழக்கறிஞராக நிகழ்ச்சிக்கு வந்து, எந்தப் படிவத்தில் எந்த ஓட்டை இருக்கிறது என்று கேமரா முன் காட்டினார்.

வேட்பாளரும் இந்த அமைப்பும் சேர்ந்து திட்டமிடக் கூடாது என்பது விதி. தானே வேட்பாளராகப் போவதாகச் சொன்ன கோல்பேர், அமைப்பை நண்பர் ஜான் ஸ்டுவர்ட்டிடம் மேடையிலேயே ஒரு கையெழுத்தில் ஒப்படைத்தார். விதி எவ்வளவு மெலிந்தது என்பதைப் பார்ப்பவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலும் ஆனது. தேர்தல் நிதி பற்றி மற்ற செய்தி நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களைவிட இந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது என்று 2014இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனென்பர்க் மையம் கண்டறிந்தது.

மறுபக்கமும் சொல்கிறேன். அதே நிகழ்ச்சி பற்றி 2009இல் வெளியான ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், பழமைவாதப் பார்வையாளர்களில் பலர் கோல்பேரின் வேடத்தை நிஜமாகவே எடுத்துக்கொண்டது தெரியவந்தது. அவர் கேலி செய்வதுபோல் நடிக்கிறார், உள்ளுக்குள் நம் ஆள்தான் என்று நினைத்தார்கள். ஏற்கெனவே நம்புவதையே கேலிக்குள்ளும் காண்கிறார்கள் மக்கள்.

பலர்: 2025இல் கோல்பேர், ஜிம்மி கிம்மல் இருவருக்கும் நேர்ந்தது என்ன? சட்டம் இவ்வளவு வலுவாக இருந்தும் எப்படி நடந்தது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

முதலில் கோல்பேர். அப்போது அவர் நடத்தியது சிபிஎஸ் சேனலின் பின்னிரவு நிகழ்ச்சி. சிபிஎஸ் சேனலின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், டிரம்ப் தொடுத்த வழக்கை 2025 ஜூலையில் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அப்போது ஸ்கைடான்ஸுடன் இணைய அந்த நிறுவனம் எஃப்சிசி எனப்படும் தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. கோல்பேர் அந்தப் பணத்தை லஞ்சம் என்று தன் நிகழ்ச்சியிலேயே சொன்னார். சில நாட்களில், நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த வாரம் இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. முற்றிலும் நிதி சார்ந்த முடிவு என்றது சிபிஎஸ். பின்னிரவு நிகழ்ச்சிகளின் விளம்பர வருவாய் சரிந்து வருவது உண்மைதான். ஆனாலும் அந்தத் தேதிகளின் வரிசையைப் பார்த்தபின் என்னால் அந்த விளக்கத்தை முழுமையாக ஏற்க முடியவில்லை.

செப்டம்பரில் ஏபிசி சேனலின் பின்னிரவுத் தொகுப்பாளர் கிம்மல். வலதுசாரிப் பிரசாரகர் சார்லி கர்க்கின் கொலையை ஒட்டி அவர் பேசியதற்காக, எஃப்சிசி தலைவர் பிரெண்டன் கார் ஒரு பேட்டியில், இதை எளிய வழியிலும் முடிக்கலாம், கடின வழியிலும் முடிக்கலாம் என்றார். அன்றே ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. இங்கே ஓர் அமைப்பு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏபிசி தயாரிக்கும் நிகழ்ச்சியை ஊர் ஊராக ஒளிபரப்புவது பெரும்பாலும் வேறு நிறுவனங்களின் நிலையங்கள். ஒளிபரப்பு உரிமம் அந்த நிலையங்களுக்கே. அதைத் தருவதும் புதுப்பிப்பதும் எஃப்சிசி. அப்படிப் பல நிலையங்களை வைத்திருக்கும் நெக்ஸ்டார், டெக்னா என்ற நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க அதே எஃப்சிசியின் அனுமதியை எதிர்பார்த்திருந்தது. கிம்மலை ஒளிபரப்ப மாட்டோம் என்று முந்திக்கொண்டு சொன்னதும் நெக்ஸ்டார்தான்.

யாரும் கைதாகவில்லை. எந்த நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை. 1988 தீர்ப்பு அப்படியே நிற்கிறது. சட்டம் நையாண்டிக்காரரைச் சிறையிலிருந்து காக்கும். முதலாளிக்கு அரசிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தால், அந்த முதலாளியிடமிருந்து காக்காது.

இது புதிதும் அல்ல. வியட்நாம் போரைக் கேலி செய்த ஸ்மதர்ஸ் சகோதரர்களின் நிகழ்ச்சியை 1969இல் சிபிஎஸ் நிறுத்தியது. அப்போதும் எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கிம்மல் ஒரு வாரத்துக்குள் திரும்பினார். பார்வையாளர்கள் ஏபிசியின் தாய் நிறுவனமான டிஸ்னியின் சந்தாவை ரத்து செய்தார்கள், கலைஞர்கள் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள், குடியரசுக் கட்சியின் டெட் குரூஸே பிரெண்டன் காரின் பேச்சை மாஃபியா மிரட்டலோடு ஒப்பிட்டார். எனக்கு இதில் பெரிய ஆறுதல் குரூஸின் குரல். கிம்மலை வெறுப்பவரே கிம்மலின் உரிமைக்காகப் பேசினார்.

வங்கி ஊழியர், கோயம்புத்தூர்: இந்த நையாண்டி எல்லாம் ஒரே கட்சிக்கு எதிராகத்தானே இருக்கிறது?

பெரும்பாலும் ஆம். பின்னிரவுத் தொகுப்பாளர்களில் பலர் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர்கள். அதை மறைப்பதில் பயனில்லை. ஃபாக்ஸ் நியூஸில் 2021 முதல் கிரெக் கட்ஃபெல்டின் நிகழ்ச்சி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அதற்கும் ஏராளமான பார்வையாளர்கள். ஒரு தரப்பு மட்டும் சிரிக்கும் அரங்கம் மெல்ல மெல்லப் பிரசார மேடையாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அதற்கு மருந்து இன்னும் பல குரல்கள் வருவது. இருக்கும் குரலை அரசு மிரட்டினால் நோய் முற்றும்.

கார்ட்டூன் ரசிகர், புதுச்சேரி: செய்தித்தாள் கேலிச்சித்திரக்காரர்கள் இன்னும் இருக்கிறார்களா?

குறைந்துகொண்டே வருகிறார்கள். நியூயார்க் டைம்ஸ் 2019இல் தன் சர்வதேசப் பதிப்பிலும் அரசியல் கேலிச்சித்திரத்தை நிறுத்தியது. 2023இல் மெக்லாச்சி நிறுவனம் புலிட்சர் பரிசு பெற்ற மூன்று கேலிச்சித்திரக்காரர்களை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பியது. 2025 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட்டின் ஆன் டெல்நேஸ் ராஜினாமா செய்தார். பெரும் செல்வந்தர்கள் டிரம்ப் சிலையின் முன் மண்டியிடும் அவருடைய படத்தைப் பத்திரிகை ஏற்கவில்லை. மண்டியிட்டவர்களில் ஒருவர் அந்தப் பத்திரிகையின் உரிமையாளர் ஜெஃப் பெசோஸ். அதே பொருளில் வேறு பத்தி வர இருந்ததால்தான் ஏற்கவில்லை என்றார் ஆசிரியர். அந்த ஆண்டின் புலிட்சர் பரிசு டெல்நேஸுக்குக் கிடைத்தது.

மென்பொருள் பொறியாளர், சென்னை: முதலாளியே இல்லாத சாதாரண ஆள் ஃபேஸ்புக்கில் கேலி செய்தால்?

ஓஹியோவின் பார்மா நகரில் 2016இல் ஒருவர் உள்ளூர்க் காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தைப் போலவே ஒரு பகடிப் பக்கம் தொடங்கினார். காவல்துறை அவரைக் கைது செய்து நான்கு நாள் சிறையில் வைத்தது. ஜூரி அவரை விடுவித்தது. பிறகு அவர் நஷ்ட ஈடு கேட்டபோது, காவலர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது.

அவருக்கு ஆதரவாக 2022இல் உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தது தி ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகை. 1988இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது அது. மனுவே பகடியாக எழுதப்பட்டது. ஆனால் அதில் உள்ள சட்ட வாதம் முழுக்க முழுக்க நிஜம். இது பகடி என்று மேலே சீட்டு ஒட்டச் சொன்னால் பகடியே செத்துவிடும் என்பதைச் செய்தே காட்டுகிறது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது. மனு இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. சட்டம் படிக்காதவருக்கும் புரியும். மதுரை வழக்கறிஞர் நண்பரும் அவசியம் வாசிக்க வேண்டும்.