400 வருஷம் காத்திருந்தவனும் பக்கத்து பெஞ்சுக்காரனும்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், தோழிகளிடம் சொன்னால் வருஷம் முழுக்க ஓட்டுவார்கள்.

போனில் ஒரு தொடர்கதை படிக்கிறேன். ரோமியோ ஜூலியட் கதையை வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். கல்லறையில் விஷம் குடித்த ரோமியோ சாகவில்லை. உயிரும் இல்லாமல் சாவும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறான். ஜூலியட் மட்டும் இறந்துபோகிறாள். 400 வருஷத்துக்கு மேல் அவளைத் தேடி அலைந்து, அவள் மறுபிறவி எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது கண்டுபிடிக்கிறான். அவளுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. அவனும் சொல்வதில்லை. ராத்திரியில் ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், பொய் சொன்னாலும் தெரிந்துவிடும். ஒரு அத்தியாயத்தில், அவள் வாயே திறக்காதபோது, "உனக்கு இருட்டுன்னா பயம் இல்ல, விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னுதான் பயம்" என்பான். அதைப் படித்துவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இது கதை என்று எனக்குத் தெரியும் அம்மா. நான் பைத்தியம் இல்லை. ஆனால் புது அத்தியாயம் வரும் நாளில் வேறு எதுவும் ஓடுவதில்லை. பழைய அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப விடியவிடியப் படிக்கிறேன். காலை வகுப்பில் கண்ணைத் திறக்க முடிவதில்லை. பாட்டி இறந்ததிலிருந்து அவங்க அறையில்தான் படுக்கிறேன், அதனால் நான் எப்போது தூங்குகிறேன் என்று யாருக்கும் தெரியாது. பாட்டி இருந்திருந்தால் பிடித்திருப்பாங்க. நான் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே "இன்னிக்கு யாரோட சண்டை?" என்று கேட்பாங்க.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். என் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் ஒருவன். போன மாதம், "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கும் தோணினா சொல்லு, தோணலைன்னாலும் சொல்லிடு" என்றான். அவனோடு பேசினால் நேரம் போவதே தெரியாது. ஆனால் மின்னல் மாதிரி எதுவும் எனக்குள் அடிக்கவில்லை. அவனிடம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "கோபமா?" என்று கேட்கிறான். கேட்டால்தான் தெரியுமா? எரிச்சலாக வருகிறது. "யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தக் கதையில் வருவது மாதிரி ஒரு காதலுக்காகச் செத்தாலும் பரவாயில்லை என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. எனக்கு நிஜக் காதல் வரவே வராதா? அவனிடம் நான் என்ன சொல்வது?

— பெயர் வேண்டாம்

*

அன்பு மகளே,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். "செத்தாலும் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறாய். கதையில் மூழ்கியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதாக இருக்கலாம். ஆனாலும் நேராகவே கேட்கிறேன்: கதையை மூடி வைத்த பிறகும் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் என் பதிலை முழுக்கப் படித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதே. இன்றைக்கே உன் வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல், மனநல மருத்துவரைப் பார். இல்லை என்றால் மேலே படி.

நீ பைத்தியம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வானொலியிலும் டிவியிலும் வருகிறவர்களோடு நேயர்கள் ஒருதலையாக நெருக்கம் கொள்வதைப் பற்றி ஹார்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். கதாபாத்திரங்கள் மீதும் அப்படி மனசு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஆவிக் காதல் கதைகள் பிடிக்கும். அந்த ஜன்னல் காட்சியை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. 400 வயது ஆள், பள்ளிக்கூடத்துப் பெண், நடு ராத்திரி. அமானுஷ்யம் என்பதால் அழகாகத் தெரிகிறது. உயிரோடு இருக்கிற ஒருத்தன் அதைச் செய்தால் நீயே போலீஸுக்குப் போன் போடுவாய்.

மூலக் கதைக்குப் போவோம், ஏனென்றால் உன் குழப்பத்துக்கான விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் அந்த நாடகம் முதலில் அச்சானது 1597-ல். அதில் ரோமியோ விருந்துக்குப் போவது ஜூலியட்டைப் பார்க்க இல்லை. ரோசலின் என்ற வேறொரு பெண்ணுக்காக உருகிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்க்கத்தான் போகிறான். போன இடத்தில் ஜூலியட் கண்ணில் படுகிறாள். ஞாயிறு இரவு சந்திப்பு, மறுநாளே ரகசியக் கல்யாணம். அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு பேருமே உயிரோடு இல்லை. ஷேக்ஸ்பியர் கைக்கொண்ட மூலம் ஆர்தர் புரூக் 1562-ல் எழுதிய ஒரு நெடுங்கவிதை. அதில் இதே கதை பல மாதங்கள் நடக்கிறது, ஜூலியட்டுக்கு வயது 16. ஷேக்ஸ்பியர் மாதங்களைச் சில நாட்களாகச் சுருக்கினார், அவள் வயதையும் பதினாலு நிறையாததாகக் குறைத்தார். பெரியவர்களின் பகைக்கு நடுவே நிதானிக்க நேரமே இல்லாத பிள்ளைகளை அவர் காட்டுகிறார்.

நீ படிக்கிற தொடர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறது, கவனித்தாயா? சில நாட்களை 400 வருஷமாக இழுத்திருக்கிறது. ஏன்? நாலு நாள் பழக்கத்தில் ஒருவன் ஒருத்தியை இவ்வளவு தெரிந்துவைத்திருக்க முடியும் என்று இன்றைய வாசகர் நம்ப மாட்டார், எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவன் அவளை அந்த அளவுக்குப் புரிந்துகொள்ள நாள் தேவைப்பட்டது, நானூறு வருஷத்தைக் கொட்டிவிட்டார். உன்னை அழவைத்த அந்த ஒரு வரியைச் சொல்ல அவனுக்கே அவ்வளவு அவகாசம் வேண்டியிருந்தது. பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு நீ கொடுத்திருப்பது ஒரு செமஸ்டரோ இரண்டோ, அதற்குள் உன் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிய வேண்டும் என்கிறாய்!

மின்னல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை நாடகத்திலேயே வருகிறது. மாடத்தில் நிற்கும் ஜூலியட்தான் சொல்கிறாள். இது ரொம்ப அவசரம், யோசிக்காமல் நடக்கிறது, மின்னுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் மறைந்துபோகும் மின்னல் மாதிரி இருக்கிறது என்று. அவள் பயந்துகொண்டு சொன்னது அது. நீ அதையே தகுதியாக வைத்துக்கொண்டு ஒரு பையனுக்கு மதிப்பெண் போடுகிறாய்.

அந்தக் காட்சியை ஒருமுறை படித்துப் பார். இருட்டில் ரோமியோ கீழே நிற்பது தெரிந்ததும் அவள் சரமாரியாகக் கேட்கிறாள்: எப்படி வந்தாய், எதற்கு வந்தாய், மதில் இவ்வளவு உயரமாயிற்றே, யார் வழி காட்டியது? கடைசியில், கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், எங்கே எப்போது என்று சொல்லி அனுப்பு என்கிறாள். பதினாலு நிறையாத அந்தப் பெண் கேள்வி கேட்கிறாள். உன் தொடரின் நாயகியோ தூங்குகிறாள். அவளைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். அவனைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்துகொள்ள அவளை விடுகிறானா? விதி, பூர்வஜென்மம் என்றெல்லாம் வந்துவிட்டால் அவள் சம்மதத்துக்கே வேலை இல்லாமல் போகிறது, முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது. இவன் அப்படி இல்லை. "தோணலைன்னாலும் சொல்லிடு" என்று உன் கையில் விட்டிருக்கிறான். எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது.

"இவர்தான் நமக்கென்று விதித்தவரா" என்று பார்க்கிறவர்களுக்கும், "பழகப் பழக வளரும்" என்று நினைப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1998-ல் வந்தது. விதியை ரொம்ப நம்புகிறவர்களுக்கு ஆரம்பம் சரியாக அமையாவிட்டால், உறவைச் சீக்கிரமே முறித்துக்கொள்ளும் போக்கு இருந்தது. உன் எரிச்சல் எனக்கு அதை ஞாபகப்படுத்துகிறது.

உன் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி காதல் பற்றியது இல்லை. செருப்புச் சத்தம். போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் "இப்போது பிரச்சினைக்கு வருகிறேன்" என்கிறாய். நீ சொல்லாமலே உன்னைப் புரிந்துகொண்ட ஒருவர் நிஜமாகவே உன் வீட்டில் இருந்தார். அவர் அறையில், அவர் படுத்த இடத்தில் படுத்துக்கொண்டு, செத்தும் சாகாமல் திரும்பி வருகிற ஒருவனின் கதையை ராத்திரி முழுக்கப் படிக்கிறாய். உன்னை அழவைத்த வரி, விட்டுவிட்டுப் போவதைப் பற்றியது. முகம் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் நீ பாட்டிக்காக இன்னும் சரியாக அழவில்லை என்று நினைக்கிறேன். அந்த அழுகையில் கொஞ்சத்தை ரோமியோ வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அதனால் தொடரை நிறுத்து என்று சொல்ல மாட்டேன். புது அத்தியாயம் வந்தால் படி, பகலில் படி. பழையதைத் திரும்பப் படிப்பது மட்டும் ராத்திரியில் வேண்டாம். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள். முதல் சில இரவுகள் தூக்கம் வராது, பாட்டி ஞாபகம்தான் வரும். வரட்டும். அம்மாவிடமோ அப்பாவிடமோ பாட்டியைப் பற்றிப் பேச்சைத் தொடங்கு. அவர்களில் ஒருவருக்கு அது தாயின் இழப்பு, அவர்களும் உன்னிடம் காட்டாமல் அடக்கி வைத்திருக்கலாம். சில வாரத்திலும் தூக்கம் சரியாகவில்லை, வகுப்பில் மனசு நிற்கவில்லை என்றால் உங்கள் கல்லூரி ஆலோசகரை நேரில் போய்ப் பார்.

பையனிடம் என்ன சொல்வது? அவன் நல்லவன் என்பதற்காக நீ சரி என்று சொல்ல வேண்டியதில்லை, மின்னல் அடிக்கவில்லை என்பதற்காக இல்லை என்றும் சொல்ல வேண்டியதில்லை. "யோசிக்கிறேன்" என்று ஒரு மாதமாகத் தொங்கவிட்டிருப்பது மட்டும் நியாயமில்லை. "எனக்கு இன்னும் தெரியல. பேசப் பிடிச்சிருக்கு. அவசரப்படுத்தாம இருந்தா பேசிட்டு இருக்கலாம், உனக்கு அது கஷ்டம்னா சொல்லிடு" என்று உண்மையைச் சொல். அடுத்த முறை அவன் "கோபமா?" என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லிப் பார். நீயும் அவனிடம் ஏதாவது கேள். உன் கடிதம் முழுக்க அவன் உன்னைப் பற்றிக் கேட்டதுதான் இருக்கிறது. அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவான் என்று ஒரு வரிகூட இல்லை.

அன்புடன்,
அம்மா