அரசு வழக்கறிஞரின் கதவைத் தட்டலாமா?

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிள் இரண்டு மாதங்களுக்கு முன் திருடு போனது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை. அது இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் பேசவே மறுக்கிறது. முதல்வரின் தனிப்பிரிவு, கலெக்டர், அமைச்சர் என எட்டுப் பேருக்கு மனு அனுப்பிவிட்டேன். வெளிநாடுகளில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலேயே புகார் கொடுக்கலாமாமே? எங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலும் அப்படி ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கொடுத்தால் என்ன?
- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: கொடுத்தால், படித்துப் பார்த்துவிட்டு "ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வழக்குப் பதியும்படி காவல் துறைக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. ஜெர்மனியில் ஒரு குற்றத்தைப் பற்றிக் காவல் துறையிடமோ, அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலோ, உள்ளூர் நீதிமன்றத்திலோ வாய்மொழியாகவே புகார் தரலாம். பிரான்சில் அரசு வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். அங்கெல்லாம் புலன் விசாரணைக்குத் தலைமை தாங்குபவரே அவர்தான். இந்தியாவில் நிலைமை வேறு. ஒரு காலத்தில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் போலீஸ் அதிகாரிகளே அரசுத் தரப்பில் வாதாடினார்கள். பிடித்தவரே வாதாடுவது முறையல்ல என்பதால், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இரண்டையும் பிரித்தது. ஆகவே நம் அரசு வழக்கறிஞரின் பணி நீதிமன்றத்துக்கு உள்ளே நடப்பது.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு. வழக்குப் பதிவானதற்கு அடையாளம் அல்ல. திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம். அத்தகைய குற்றம் நடந்தது புகாரிலிருந்தே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திக்கொள்ள இடம் கொடுக்கிறது. அந்தச் சாக்கும் இரண்டு மாதத் தாமதத்துக்கு உதவாது.

எட்டு மனு போட்டிருக்கிறீர்கள். போட வேண்டிய ஒன்றைப் போட்டதாகக் கடிதத்தில் இல்லை. தனிப்பிரிவுக்கும் கலெக்டருக்கும் போகும் மனு பெரும்பாலும் "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு கீழே இறங்கி, நீங்கள் யார்மீது குறைபட்டீர்களோ அதே நிலையத்தின் மேசைக்குத்தான் வந்து சேரும். மனுவில் "நகல்" என்று போட்டுப் பெரிய பதவிகளை வரிசையாக எழுதுவதில் நம்மவர்களுக்கு ஒரு நிறைவு உண்டு. நீதிமன்றத்தில் அந்த வரிசைக்கு மதிப்பில்லை. சட்டம் பெயர் சொல்லிக் காட்டும் அதிகாரி ஒருவர்தான்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவின்படி, நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்ததைக் குறிப்பிட்டுப் புகாரின் சாரத்தை எழுத்தில் அவருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். வண்டியின் பதிவெண், எஞ்சின் எண், திருட்டு நடந்த நாள், நேரம், சி.எஸ்.ஆர். எண் ஆகியவை இருந்தால் ஒரு பக்கம் போதும். "ஏழைச் சொல் அம்பலம் ஏறாது" என்று தொடங்கும் முன்னுரை வேண்டாம்.

அதற்கும் அசைவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு உங்கள் பகுதி நீதித்துறை நடுவரிடம் 175ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவின் கீழ் மனு செய்யலாம். காவல் துறை சொல்வதையும் கேட்டறிந்த பின், புலன் விசாரணைக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. நடுவரிடம் நேரடியாகத் தனிப் புகார் தரும் வழியும் உண்டு. ஆனால் சாட்சிகளை நீங்களே கொண்டு நிறுத்த வேண்டிய அந்த வழி, திருடன் யாரென்றே தெரியாத உங்களுக்குப் பயன்படாது.

கண்காணிப்பாளருக்கு அனுப்பியதற்கான விரைவு அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால் நடுவர் முன் உங்கள் மனு நிற்காது. அரசு வழக்கறிஞரை நீங்கள் பார்க்கப் போவது, வண்டியும் திருடனும் அகப்பட்டு, சாட்சி சொல்ல வரும்படி உங்களுக்கு அழைப்பாணை வரும் நாளில்தான்.