யாழ்ப்பாணத்து பஸ்: வந்து தங்கியிருப்போர் கேட்டவை

வெளிநாடுகளிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் தங்கியிருப்பவர்கள் பஸ் பற்றிக் கேட்டவற்றுக்கு, பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

திருச்சியிலிருந்து ஆய்வுக்காக வந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அருகே உள்ள திருநெல்வேலியில் தங்கியிருக்கிறேன். ஒரு நாள் வந்து நின்றதும் பஸ் கிடைக்கிறது. மறுநாள் முக்கால் மணி நேரமாகியும் எதையும் காணோம். ஐயா, நேர அட்டவணையே கிடையாதா?

இருக்கிறது பிள்ளை, ஆனால் அது நிலையத்தில் எங்கள் மேசையில்தான் கிடக்கும். பஸ் புறப்படும் நேரத்தை மட்டும் அதில் நம்பலாம். புறப்பட்ட பிறகு சாரதி பார்ப்பது மணிக்கூட்டை இல்லை, தரிப்பிடத்தில் நிற்கும் தலைகளைத்தான். ஆகவே நீங்களும் ஊரின் நடமாட்டத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். அந்த இரண்டு வேளையும், கந்தோர் விடும் பின்னேரமும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, உள்ளே கால் வைக்கத்தான் இடமிராது. பதினொரு மணி வெயிலில் நிற்பவர்தான் நெடுநேரம் காத்திருப்பார். ஞாயிறும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினமும் இன்னும் மோசம்.

பலாலி வீதியில் ஒன்றும் வராவிட்டால், ஆடியபாதம் வீதியால் கொக்குவில் சந்திக்கு வந்துவிடுங்கள். அங்கே காங்கேசன்துறை வீதி பஸ்கள் கிடைக்கும். ஒரு சைக்கிள் வாங்கினால் அந்த வேலை இன்னும் சுலபம்.

நான் கனடாவில் பிறந்தவன். இப்போது நெல்லியடியில் அம்மம்மாவோடு இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் முதலில் ஊர்கிறார்கள், நடந்தே முந்திவிடலாம் போலிருக்கும். பிறகு திடீரென்று பறக்கிறார்கள். இது என்ன கூத்து?

கூத்துத்தான் தம்பி, ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் நடத்துநருக்கும் கிடைப்பது அன்றைய வசூலைப் பொறுத்தது. முன்னே போன பஸ் வழியிலிருந்த ஆட்களை வழித்துக்கொண்டு போயிருக்கும். அதன் வாலைப் பிடித்துப் போனால் வெறும் தரிப்பிடங்கள்தான் மிஞ்சும். அதனால் ஊர்ந்து போய், அடுத்தடுத்த சந்திகளில் ஆட்கள் சேரும்வரை இடைவெளி விடுகிறார்கள். இருபாலையிலும் கோப்பாயிலும் நிற்கும் நேரமெல்லாம் அதற்குத்தான்.

இப்போது பின் கதவில் தொங்கும் நடத்துநரைக் கவனியுங்கள். டிக்கெட் காசை விரலிடுக்கில் மடித்து வைத்திருப்பார், பார்வை மட்டும் பின்னால் வீதியில் இருக்கும். அடுத்த பஸ்ஸின் மூக்கு தெரிந்ததும் தகட்டில் படபடவென்று தட்டுவார். அவ்வளவுதான், ஊர்வலம் முடிந்தது. அடுத்த சந்திக்கு யார் முந்துகிறாரோ அவருக்கே கூட்டம். வல்லை வெளியில் ஏற்றுவதற்கும் ஆளில்லை, மறிப்பதற்கும் வீடில்லை, ஆகவே சாரதியின் கால் அங்கே எழும்பாது. அந்த இடத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், கைத்தொலைபேசி பிறகு பார்க்கலாம்.

சிவப்பு பஸ், அதாவது அரசு பஸ், சாதுவானது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இதே வீதியில் இதே ஆட்களுக்காகத்தான் ஓடுகிறது. இலங்கை போக்குவரத்துச் சபைக்கும் தனியாருக்கும் இணைந்த நேர அட்டவணை வேண்டும் என்ற இழுபறி பல காலமாக நடக்கிறது. 1958இல் பஸ்களை அரசு எடுத்தபோது அமைந்த சபையை நினைத்து, என் வயதினர் இன்றும் சிவப்பு பஸ்ஸை ‘சீ.ரீ.பி.’ (Ceylon Transport Board) என்போம். பெயர்தான் அந்தக் காலத்தது.

அவசரமென்றால், இருக்கை காலியாக இருக்கிறதே என்று பின்னால் நிற்கும் பஸ்ஸில் ஏறாதீர்கள். சாரதி இருக்கையில் அமர்ந்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, நடத்துநர் வெளியே நின்று கூவுகிறாரா? அதில் ஏறி நின்றுகொண்டு போங்கள்.

நோர்வேயிலிருந்து வந்திருக்கிறேன். எனக்கு வேண்டிய பஸ் எப்போதும் எதிர்ப்பக்கத்தால் போய்விடுகிறது.

இங்கே வாகனங்கள் இடப்பக்கமாக ஓடும். போகும் திசையைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம்தான் தரிப்பிடம். கையை நீட்டி மறியுங்கள், சும்மா நின்றால் கதைத்துக்கொண்டு நிற்பவர் என்று நினைத்துப் போய்விடுவார்கள். இறங்குவதற்கு முந்திய தரிப்பிடம் தாண்டியதுமே “இறக்கம்” என்று குரல் கொடுங்கள். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் நடத்துநருக்கு உதவாது. எந்தச் சந்தி, எந்தக் கோயிலடி என்று சொல்லுங்கள்.

மலேசியாவிலிருந்து அம்மா வருகிறார். நயினாதீவு அம்மன் கோயிலுக்கு பஸ்ஸை நம்பிப் போகலாமா?

போவதற்கு நம்பலாம். 776 பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போகும். இறங்கினால் எதிரே படகுத்துறை. படகில் வந்து இறங்குபவர்கள்தான் அந்த பஸ்ஸுக்கு வாழ்வு, அதனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே நிற்கும்.

யோசிக்க வேண்டியது திரும்புவதைத்தான். குறிகட்டுவானில் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அதற்கு முந்திய பஸ்ஸைப் பிடிக்கும்படி அம்மனிடம் விடைபெறுங்கள். இருட்டிய பிறகு அங்கே ஓட்டோ பிடிக்கப் போனால் கூலியை அவர்தான் தீர்மானிப்பார். காற்றுக் கடுமையான நாளில் படகு ஓடாமலும் போகலாம், காலையிலேயே விசாரியுங்கள். அதே நாளில் நெடுந்தீவையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள், அங்கே படகுகள் குறைவு.

முன் இருக்கை காலியாக இருந்தது, அமர்ந்தேன். பிறகு எழும்பச் சொல்லிவிட்டார்கள். ஏன்?

அது மதகுருமாருக்கு ஒதுக்கியது. மேலே எழுதியிருக்கும். யாரும் வராதவரை அமரலாம், வந்தால் எழும்ப வேண்டும்.

ஆவணியில் நல்லூர்க் கோயிலடித் தரிப்பிடத்துக்கு பஸ்ஸே வரவில்லையே?

திருவிழா 25 நாள். கோயிலைச் சுற்றிய வீதிகளை மூடி பஸ்ஸை வேறு வழியால் விடுவார்கள். அந்த நாட்களில் இடையில் மறிக்க நினைக்காமல் நகரத்து நிலையத்துக்கே வந்து ஏறுங்கள்.

நடத்துநர் மீதிக் காசு தருவதில்லை. வெளிநாட்டுக்காரர் என்று ஏமாற்றுகிறாரா?

அப்படிச் செய்பவரும் உண்டு. பெரும்பாலும் சில்லறை சேராததால்தான் “பிறகு தருகிறேன்” என்கிறார். இறங்குவதற்கு ஒரு தரிப்பிடம் முன்னரே நினைவூட்டுங்கள், இறங்கிய பின் கேட்டால் புகைதான் மிஞ்சும். ஆனால் காலை முதல் பஸ்ஸில் ஏறி, கொக்குவிலுக்கு ஒரு டிக்கெட் என்று 5000 ரூபாய்த் தாளை நீட்டினீர்களானால், நான் நடத்துநரின் பக்கம்.