கழுத்து ரத்தக்குழாய் தடித்திருந்தால் அடைப்பா?

கேள்வி: எனக்கு வயது 48. ஆறு வருடமாகச் சர்க்கரை. முகாமில் கழுத்து டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ரத்தக்குழாய்ச் சுவர் 1.0 மில்லிமீட்டர் தடித்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.2, ஹீமோகுளோபின் 8.9. அடைப்பைக் கரைக்க 30 டிரிப் ஏற்ற வேண்டும் என்கிறார் முகாமுக்கு அழைத்துப்போனவர். பக்கவாதம் வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை.
– வாசகி, விருதுநகர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அளவு அடைப்பின் அளவு இல்லை. ஸ்கேன் திரையில் குழாயின் சுவர் இரண்டு வெள்ளைக் கோடுகளாகவும் நடுவே கறுப்பாகவும் தெரியும். அந்தக் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் 1.0. வழக்கமாக 0.9-ஐத் தாண்டினால் தடிப்பு என்று எழுதுவார்கள். எடுக்கும் ஆள் மாறினாலே 0.1 கூடும், குறையும். குழாய் உள்ளே எத்தனை சதவீதம் குறுகியிருக்கிறது என்பதுதான் அடைப்புக் கணக்கு. அது ரிப்போர்ட்டில் தனியாக இருக்கும், பாருங்கள்.

சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் குழாயின் உள்தோல் கெடுகிறது, கெட்ட கொழுப்பு அதற்குள் இறங்குகிறது, சுவர் தடிக்கிறது. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை (இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாத வகை) உள்ள 1,441 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, ஆய்வு முடிந்து பல வருடம் கழித்துப் பார்த்தபோதும், இந்தச் சுவர் மெதுவாகத்தான் தடித்திருந்தது.

அந்த டிரிப்பை ஏற்றிக்கொள்ளாதீர்கள். உலோகச் சத்துகளைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அது, கீலேஷன் என்று விற்கிறார்கள். சர்க்கரையும் உண்டு, முன்பே மாரடைப்பும் வந்தது என்று சுமார் ஆயிரம் பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இதை 40 முறை ஏற்றிப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் சாவும் குறையவில்லை. கவனமில்லாமல் ஏற்றினால் கால்சியம் இறங்கும், சிறுநீரகமும் கெடலாம். முகாமுக்கு ஆள் பிடித்து வருகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போவது உண்டு. உங்கள் பயம்தான் அவர் சரக்கு. எனக்கு ஆத்திரம் எதில் என்றால், கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கும் முகாம்களில் பல, சிறுநீரில் புரதம் போகிறதா என்ற மலிவான பரிசோதனையைச் செய்வதில்லை, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், விளக்க ஒருவரும் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை. 40 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் அது தேவை. பி.பி.யை 130-க்குக் கீழே வையுங்கள். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இன்னொன்று, உங்களுக்கே உரியது. ஹீமோகுளோபின் 8.9 என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் ரத்தத்தில் சுற்றுவதால், எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். உங்கள் 8.2 நிஜத்தில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். ரத்தம் சிதையும் வகை ரத்தசோகை என்றால் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்ட விடாதீர்கள், தாழ்சர்க்கரையில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள், உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பாருங்கள். ஒரு வாரம் வீட்டு மீட்டரில் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து, நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். ஹீமோகுளோபின் சரியாகி மூன்று மாதம் ஆனபின் எச்பிஏ1சி மறுபடி எடுத்தால் போதும்.