மாடிப்படியில் மட்டும் வரும் பயம்

மதிப்பிற்குரிய ஐயா,

மாண்டலேயில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின்போது மாடியில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டடம் நின்றது, எனக்கும் காயமில்லை. ஆனால் இன்றும் அந்தப் படியில் கால் வைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. கீழே ஜெனரேட்டர் ஓடும்போது கைப்பிடி லேசாக அதிரும்; உடனே இறங்கிவிடுவேன். யாங்கோனில் அண்ணன் வீட்டு நான்காவது மாடியிலோ, ஜெனரேட்டர் இரைச்சலோடு அசந்து தூங்குகிறேன். பயமெல்லாம் மூளையில் அமிக்டலாவில் இருக்கிறது என்கிறாள் மகள். அப்படியானால் அதை மாண்டலேயில் கழற்றி வைத்துவிட்டா யாங்கோனுக்கு வருகிறேன்?

ம., மாண்டலே

அன்புள்ள ம.,

மகள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி உங்கள் கேலியிலேயே இருக்கிறது.

நெஞ்சைப் படபடக்க வைப்பது அமிக்டலாதான். பாதாம்பருப்பு அளவில், இரு நெற்றிப்பொட்டுக்கும் உள்ளே பக்கத்துக்கு ஒன்று. ஆனால் ‘இது அந்த மாடி’ என்று அதற்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். இடம் என்பது மணி ஓசையைப் போல ஒற்றைக் குறிப்பு அல்ல. படியின் உயரம், புதுத்துணியின் வாசனை, ஜன்னல் வெளிச்சம், கைப்பிடியின் அதிர்வு எல்லாவற்றையும் கோத்து ஒரே இடமாக ஆக்குவது பக்கத்திலிருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி. அதனால்தான் அதே ஜெனரேட்டர் ஓரிடத்தில் அபாயம், இன்னோரிடத்தில் வெறும் இரைச்சல்.

1992இல் கிம், ஃபான்செலோ என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பெட்டியில் ஒலி எழுப்பி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். மறுநாளே ஹிப்போகேம்பஸைச் சேதப்படுத்தியபோது, எலிகளுக்குப் பெட்டி மீதிருந்த பயம் போய்விட்டது. ஒலி மீதிருந்த பயம் அப்படியே இருந்தது. 28 நாள் கழித்துச் சேதப்படுத்தியபோதோ பெட்டிப் பயமும் போகவில்லை. நாள்பட்ட பயம் அதற்குள் வேறு பகுதிகளின் பிடிக்கு மாறியிருக்கிறது. உங்களுடையது அப்படி ஊறிய பயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. பெட்டிக்குள் போட்ட அந்த நொடியே அதிர்ச்சி கொடுத்தால் எலி பெட்டிக்குப் பயப்படக் கற்பதில்லை. சுற்றிப் பார்க்கக் கொஞ்ச நேரம் தரவேண்டும். உங்களுக்கோ அந்த மாடி தினமும் புழங்கிய இடம், கண்ணை மூடிக்கொண்டே நடக்கலாம். பயம் பற்றிக்கொள்ள அங்கே எல்லாம் தயாராக இருந்தது.

இனி என்ன செய்வது? முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுச் சுவரையும் தூணையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலநடுக்கம் கிளம்பிய சகாயிங் நிலப்பிளவு உங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது, அன்று 7.7 அளவு அதிர்வுக்குப் பின்னும் நிலம் எத்தனையோ முறை ஆடியது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாடியைச் சந்தேகிப்பதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டடம் திடமானது என்று தெரிந்த பிறகுதான் மூளையின் பக்கம் வரவேண்டும்.

யாங்கோனில் நிம்மதியாக இருப்பது உடம்புக்கு நல்லது, ஆனால் மாண்டலே மாடிக்கு அது செல்லாது. பயம் தணிவது பழையதை அழிப்பதால் அல்ல. ‘இங்கே இப்போது ஒன்றும் ஆகவில்லை’ என்ற புதுப்பாடத்தை நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி கற்று அமிக்டலாவை அடக்குவதால். அந்தப் பாடமும் கற்ற இடத்தோடுதான் ஒட்டியிருக்கும். வேறொரு பெட்டியில் பயம் தெளிந்த எலி பழைய பெட்டிக்குத் திரும்பினால் மறுபடி விறைத்து நிற்கும்.

ஆகவே அந்தப் படியிலேயே ஏறவேண்டும். முதலில் பாதிப் படி, பிறகு மாடி, கடைசியில் ஜெனரேட்டர் ஓடும்போது. படபடப்பு உச்சத்தில் இருக்கையில் இறங்கி ஓடாமல், அது தணியும்வரை நில்லுங்கள். தூக்கம் கெட்டாலோ கடையையே மூடலாம் என்று தோன்றினாலோ மனநல மருத்துவரிடம் போங்கள். இதே முறையை அவர் பக்குவமாகச் செய்விப்பார்.

முதல் சில தடவை மகள் கூட வரட்டும். பிறகு அவள் இல்லாமலும் ஏறிப் பாருங்கள். இல்லையென்றால் ‘மகள் இருந்தால் ஆபத்தில்லை’ என்றுதான் உங்கள் மூளை கற்றுவைத்திருக்கும்.