டேப்லெட் சொல்லும் பூசணிக்காய்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு இரண்டே கால் வயது. டேப்லெட்டில் ஒரு ஆப் இருக்கிறது, படத்தைத் தொட்டால் பெயர் சொல்லும். கூடவே அவளும் சொல்கிறாள். ‘எத்தனை வார்த்தை கத்துக்கிட்டா பாரு’ என்கிறார் கணவர். ‘இதைக் கொடுத்தா பிள்ளைக்குப் பேச்சே வராது’ என்கிறார் மாமியார். ஆனால் சந்தையில் நிஜப் பூசணிக்காயைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறாள். ஆப்பைத் தொடரலாமா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

முழிப்பதில் ஆச்சரியமில்லை. திரையில் பார்த்ததை நிஜப் பொருளோடு பொருத்திப் பார்ப்பது இந்த வயதில் கடினம். ஆப்பில் இருப்பது முழுக்காயாக இருக்கும், சந்தையில் அறுத்துத் துண்டாக வைத்திருப்பார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்!

கணவரிடம் ஒன்றை மெதுவாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஜூடி டிலோச் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 18 மாதக் குழந்தைகள் சொல் கற்பிக்கும் டிவிடியை ஒரு மாதம் வீட்டில் பார்த்தார்கள். பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் அதிகம் கற்கவில்லை. டிவிடி இல்லாமல் பெற்றோரே அன்றாடப் பேச்சில் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் முன்னால் நின்றார்கள். டிவிடியைப் பிடித்துப்போன பெற்றோருக்கு மட்டும், பிள்ளை நிறையக் கற்றுவிட்டதாகத் தோன்றியது.

சரி, ஆப் தொட்டால் பதில் தருகிறதே? விஸ்கான்சினில் ஹெதர் கிர்கோரியன் குழு 2016இல் இதைத்தான் சோதித்தது. 2 முதல் 3 வயது வரையிலான 116 குழந்தைகள். திரையில் எங்கே வேண்டுமானாலும் தொடச் சொன்னபோது சின்னவர்களுக்குச் சொல் பதியவில்லை. பெயர் சொல்லப்படும் பொருள் இருக்கும் இடத்தையே தொடவைத்தபோது பதிந்தது. வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் பெரிய குழந்தைகள் சும்மா பார்த்தே கற்றார்கள், அந்தத் தொடுதல் அவர்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. ஆகவே ‘தொட்டு விளையாடிக் கற்கலாம்’ என்ற விளம்பரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கே தட்டினாலும் பலூன் வெடிக்கும் ஆப் என்றால் உடனே நீக்கிவிடுங்கள்.

மாமியார் பயப்படுகிற அளவுக்கு எல்லாத் திரையும் ஒன்றல்ல. 2014இல் வந்த ஓர் ஆய்வில், 24 முதல் 30 மாதக் குழந்தைகள் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள், பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. அழைப்பில் இருப்பவர் குழந்தைக்கு ஏற்றபடி பதில் சொல்கிறார் அல்லவா?

தொடரலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி இந்த வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் நல்லது. அப்புறம், மாமியாரையே பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஆப் பூசணிக்காய் என்றதும், ‘நேத்து சாம்பார்ல போட்டோமே, அதுதான்’ என்று அவர் சொல்லட்டும்.